க்ளோட்ரிமசோல் வேறு, க்ளோபெட்டசால் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறி வியர்வை பெருகத் தொடங்கியதும் மருந்துக் கடைகளில் அதிகம் காதில் விழும் வாசகம் "படர்தாமரைக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்பதுதான். பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுக்க, வாங்கியவர் அதே ட்யூபை வீட்டில் எல்லாருக்கும் தடவுகிறார். அப்படிக் கைமாறும் ட்யூப்களில் கணிசமானவற்றில் பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு, அரிப்பையும் சிவப்பையும் அடக்கும் வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. சிலவற்றில் ஸ்டீராய்டு மட்டுமே இருக்கிறது. நோய் தானாக முற்றுவது ஒரு வகை. தடவிய மருந்தே நோயை மாற்றி, புதிதாக ஒன்றை உண்டாக்குவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சில விவரங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். க்ளோட்ரிமசோல் என்பது பூஞ்சைக்கு எதிரான மருந்து. க்ளோபெட்டசால் என்பது தோல் மருந்துகளிலேயே மிக வீரியமான ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. ஒன்று பூஞ்சையை அழிக்கும், மற்றது பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுக்கும். பொடி எழுத்தில் பார்த்தாலும் அவசரத்தில் காதால் கேட்டாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே ட்யூபின் முன்பக்கம் பெரிதாக அச்சிட்ட வணிகப் பெயரை நம்பாமல், பின்பக்கம் 'காம்போசிஷன்' என்ற இடத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படிக்க வேண்டும். வால் எழுத்தை வைத்து ஓரளவு அடையாளம் காணலாம். '-சோன்' என்று முடிந்தால் (பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், டெக்சாமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன்) ஸ்டீராய்டு. '-னோலோன்' என்று முடியும் ஃப்ளூசினோலோன், ட்ரையாம்சினோலோன் ஆகியவையும், '-பெட்டசால்' என்று முடியும் க்ளோபெட்டசால், ஹாலோபெட்டசால் ஆகியவையும் ஸ்டீராய்டுகளே. '-னசோல்' என்று முடியும் மைகோனசோல், கீட்டோகோனசோல், லூலிகோனசோல் ஆகியவையும், '-ஃபைன்' என்று முடியும் டெர்பினஃபைனும் பூஞ்சை மருந்துகள். ஒரே ட்யூபில் மூன்று நான்கு பெயர்கள் வரிசையாக இருந்தால் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. க்ளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபைன் என்று நான்கையும் ஒன்றாகக் கலந்த ட்யூபுக்குத் தோல் மருத்துவத்தில் எந்த நோயிலும் வேலை இல்லை. பூஞ்சையா, கிருமியா, ஒவ்வாமையா என்று பார்க்காமல் எல்லாப் பக்கமும் கல் எறிவதுதான் அந்தக் கலவை.

அப்படியானால் தடவியதும் குணமாவது எப்படி? படர்தாமரையின் சிவப்பும் அரிப்பும் பூஞ்சை நேரடியாகச் செய்வன அல்ல. பூஞ்சையைக் கண்டு நம் உடல் காட்டும் எதிர்ப்பின் அடையாளங்கள் அவை. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது. தோலுக்கு அடியிலுள்ள சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் சிவப்பு மறைகிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த இடத்துக்கு வருவது குறைவதால் அரிப்பு நிற்கிறது. இரண்டே நாளில் "சூப்பர் மருந்து" என்று பெயர் வாங்கிவிடும். காவல்காரர் தூங்கிய வீட்டில் பூஞ்சைதான் விருந்தினர். தடவுவதை நிறுத்தியதும் எதிர்ப்பு திரும்பி, முன்பைவிட அகலமான இடத்தில் அரிப்பு கிளம்புகிறது. அதைத் தடவியபோது நன்றாக இருந்ததே என்று மறுபடி அதே ட்யூபை வாங்கத் தோன்றும். இந்தச் சுழலில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று சிக்கியிருப்பவர்கள் ஏராளம்.

நோயின் முகமும் மாறிவிடுகிறது. சாதாரணப் படர்தாமரைக்கு ஓரம் மேடாக, செதில் உதிரும் வட்டமாக இருக்கும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். ஸ்டீராய்டு பட்டால் ஓரம் அமுங்கும், செதில் போகும். சில இடங்களில் வட்டத்துக்குள் வட்டம் தோன்றும், சில இடங்களில் முகப்பரு போலச் சிறு கொப்புளங்கள் வரும். பூஞ்சை மயிர்க்கால்களின் அடிவரை இறங்கிவிட்டால் களிம்பு எட்டாது, மாத்திரைதான் வழி. அடையாளம் தெரியாத இந்தப் பூஞ்சை நோய்க்கு 1968இலேயே இங்கிலாந்து மருத்துவர்கள் 'டினியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாறுவேடப் படர்தாமரை என்று சொல்லலாம். கண்ணால் மட்டும் பார்த்துக் கரப்பான் என்றோ சொரியாசிஸ் என்றோ முடிவு செய்து, அதற்கு இன்னும் கொஞ்சம் ஸ்டீராய்டு எழுதப்படுவதும் உண்டு.

சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனை எளிது. புண்ணின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் சுரண்டி, செதில்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு துளி விட்டு, தோல் அணுக்கள் கரையும்வரை பத்து இருபது நிமிடம் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கிளை பிரிந்த நூல்போல பூஞ்சை இழைகள் தெரியும். ஸ்டீராய்டு தடவிய தோலில் அவை மண்டிக் கிடக்கும். ஆனால் சோதனைக்கு முந்தின நாள்வரை பூஞ்சைக் களிம்பு தடவிக்கொண்டிருந்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். மருத்துவரிடம் போகும்போது கடைசியாக என்ன தடவினீர்கள், எப்போது தடவினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். காலி ட்யூபையும் அட்டையையும் கையோடு கொண்டுபோவது பாதி வேலையை முடித்துவிடும்.

இந்தியாவில் இது கூடுதல் சிக்கல். ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020இல் தனிப் பெயரிடப்பட்ட ஒரு பூஞ்சை இங்கே பரவலாக இருக்கிறது. பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டிருப்பது பெருமைப்படும்படியான விஷயமில்லை. டெர்பினஃபைன் பூஞ்சையின் எந்த நொதியைத் தாக்குமோ, அந்த நொதியின் மரபணுவே இந்த வகையில் பலவற்றில் மாறிவிட்டது. எனவே முன்பு இரண்டு வாரத்தில் அடங்கிய நோய் இப்போது அடங்குவதில்லை. 2023இல் நியூயார்க்கில் இதே பூஞ்சை கண்டறியப்பட்டபோது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைத் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை அரைகுறையாகத் தடவி நிறுத்துவது இந்தப் பரவலுக்குத் துணைபோயிருக்கிறது என்பதே தோல் மருத்துவர்களின் பொதுவான கருத்து.

அடுத்தது முகம். மங்குக்கும், பருக்குப்பின் வரும் கரும்புள்ளிக்கும், சும்மா நிறம் வெளுக்கவும் வாங்கப்படும் மூன்று மருந்துக் கலவை ஒன்று இருக்கிறது. 1975இல் க்ளிக்மேன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவரும் உடன் ஆய்வாளரும் நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் ஆகியவற்றைச் சேர்த்து உருவாக்கிய சூத்திரத்தின் வழிவந்தது அது. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். மருத்துவர் கண்காணிப்பில் இரவில் மட்டும், மங்கு உள்ள இடத்தில் மட்டும், சில வாரங்கள் மட்டும், பகலில் சன்ஸ்கிரீனோடு பயன்படுத்த வேண்டிய மருந்து. அதைப் பவுடர்போல முகம் முழுக்க, வருடக்கணக்கில் தடவுகிறார்கள். கல்யாணம் நெருங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் ட்யூபைக் கடன் கொடுப்பதும் நடக்கிறது.

முதல் மாதம் முகம் வெளுப்பது உண்மைதான். ரத்தக் குழாய் சுருங்குவதும் நிறமி அணுக்கள் மந்தமாவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. பிறகு தோலின் கொல்லாஜன் உற்பத்தி குறைந்து தோல் காகிதம்போல மெலிகிறது. கன்னத்தில் சிவந்த ரத்தக் குழாய் இழைகள் வெளியே தெரிகின்றன. ஒரே அளவில், ஒரே மாதிரியான பருக்கள் கும்பலாக வருகின்றன. வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாக எழுகிறது. பெண்களுக்குக் கன்னத்தில் பூனைமுடி தடிக்கிறது. வெயிலில் இரண்டு நிமிடம் நின்றால் எரிகிறது. களிம்பை நிறுத்தினாலோ, மூன்று நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முகம் நெருப்பாகச் சிவந்து வீங்கி, மங்கு முன்பைவிடக் கருத்துத் திரும்புகிறது. தோல் அந்த மருந்துக்கு அடிமையாகிவிட்டது. ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று இதற்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைக்கும் அளவுக்கு இது நம் நாட்டில் பெருகிக் கிடக்கிறது.

முகத்துக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும் ஏன் இவ்வளவு எச்சரிக்கை? 1967இல் வெளியான ஃபெல்ட்மேன், மைபாக் ஆய்வு ஹைட்ரோகார்ட்டிசோன் உடலின் எந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தது. முன்கையில் உறிஞ்சப்படுவதை 1 என்று வைத்துக்கொண்டால் உள்ளங்காலில் 0.14, உள்ளங்கையில் 0.83, முதுகில் 1.7, அக்குளில் 3.6, நெற்றியில் 6, தாடைக் கோணத்தில் 13, விதைப்பையில் 42. பித்தவெடிப்புக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த வீரியமான களிம்பை, மிச்சம் இருக்கிறதே என்று தொடை இடுக்கில் தடவினால் நடப்பது என்ன என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். தொடையின் உட்பக்கத்தில் ஊதா நிறத்தில் கோடு கோடாகத் தோல் கிழிந்த தழும்பு விழும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்குச் சில வாரங்களிலேயே விழுந்துவிடும். நிறம் வெளுக்குமே தவிர அந்தக் கோடுகள் அழிவதில்லை. கண் இமையில் நீண்ட நாள் தடவினால் கண்ணின் உள்ளழுத்தம் கூடலாம். அதனால் இழந்த பார்வை திரும்பி வராது.

அளவைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் "கொஞ்சமா தடவுங்க" என்பது அளவே இல்லை. மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் விரல்நுனி. வளர்ந்தவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடுவரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும் (விரல்களையும் சேர்த்து). முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டரை விரல்நுனி, ஒரு கைக்கு மூன்று, ஒரு காலுக்கு ஆறு. 15 கிராம் ட்யூபில் முப்பது விரல்நுனி இருக்கும். க்ளோபெட்டசால் 0.05 சதவீதக் களிம்பை வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலோ, தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேலோ தடவக் கூடாது என்பது அதன் தயாரிப்பாளர்களே அச்சிடும் வரம்பு. நாளொன்றுக்கு 2 கிராம் தடவினாலே உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலை மந்தமாகலாம் என்பதும் அதே தாளில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கிராம் ட்யூப் ஒன்று ஒரே வாரத்தில் ஒரே ஆளுக்குத் தீர்ந்தால் அந்த 2 கிராம் எல்லையைத் தாண்டியாகிவிட்டது.

குழந்தைகளுக்கு இந்த எல்லை இன்னும் கீழே. உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்களின் தோல் பரப்பு அதிகம். டயப்பர் கட்டும் இடத்தில் சிவந்திருக்கிறது என்று க்ளோபெட்டசால் தடவி மேலே டயப்பரை இறுக்கினால், பிளாஸ்டிக் சுற்றிக் கட்டியதுபோல மருந்து உள்ளே இறங்கும். முகம் நிலாபோல உப்பும், எடை கூடும், உயரம் நிற்கும். குழந்தை கொழுகொழுவென்று ஆகிவிட்டதாக வீட்டில் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றே ட்யூபைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு இடத்தில் ஒன்றிரண்டு வாரம் தடவியவர் நிறுத்திவிடலாம். உடலில் பெரும் பரப்பில் மாதக்கணக்கில் தடவியவர் சட்டென்று நிறுத்தினால் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது என்று வரலாம். உடல் தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டை மறந்துபோயிருக்கும். அவர்களுக்கு, அந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலின் அளவைப் பார்க்கும் காலை நேர ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். முகத்தில் தடவி வந்தவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் வீரியம் குறைந்ததற்கு மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறக்குவார்கள், அல்லது நிறுத்திவிட்டு டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பைக் கொடுப்பார்கள். வாசனை சேர்க்காத ஈரப்பத க்ரீம், குளிர்ந்த நீரில் நனைத்த துணி, சன்ஸ்கிரீன், இவற்றைத் தவிர வேறு எதுவும் அந்த நாட்களில் முகத்தில் படக் கூடாது. கடலைமாவு, எலுமிச்சை, ஃபேஷியல் எல்லாம் எரிகிற இடத்தில் மிளகாய்ப்பொடி. சிவப்பு அடங்க வாரங்கள் ஆகலாம், பலருக்கு மாதங்கள். பொறுக்க முடியாமல் பழைய ட்யூபை ஒரே ஒரு நாள் தடவினால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

ஸ்டீராய்டுக் களிம்பே விஷம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோன் தோலுக்கு வந்த பிறகுதான் கரப்பானுக்கு உருப்படியான மருந்து கிடைத்தது. குழந்தையின் கரப்பானுக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாட்கள் தடவச் சொன்னால், ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டே பயந்து தடவாமல் விட்டு, குழந்தை இரவெல்லாம் சொறிந்து சீழ் பிடித்து வருவதும் நடக்கிறது. தோலின் ரத்தக் குழாய்களை மருந்து எவ்வளவு சுருக்குகிறது என்று பார்க்கும் சோதனைக் கணக்கில் க்ளோபெட்டசாலின் வீரியம் ஹைட்ரோகார்ட்டிசோனைப்போல சுமார் 600 மடங்கு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதே பாதிப் பிரச்சினை.

படர்தாமரைக்கு என்னதான் செய்வது? ஒற்றை மருந்து கொண்ட பூஞ்சைக் களிம்பு போதும். க்ளோட்ரிமசோல் 1 சதவீதம் என்றால் தினம் இருமுறை, லூலிகோனசோல் என்றால் ஒருமுறை. வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர்வரை ஆரோக்கியமான தோலிலும் தடவ வேண்டும், ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைக் கடந்துதான் இருக்கும். மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். இந்தக் கடைசி இரண்டு வாரத்தில் கோட்டை விடுபவர்களே அதிகம். பல இடங்களில் பரவியிருந்தாலோ, முன்பு ஸ்டீராய்டு தடவியிருந்தாலோ மாத்திரை தேவை. அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். இட்ராகோனசோல் காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், கூடவே அசிடிட்டி மாத்திரை போட்டால் அது சரியாக உறிஞ்சப்படாது, இதய பலவீனம் உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

களிம்பைவிட முக்கியமானது துணி. ஜீன்ஸும் இறுக்கமான உள்ளாடையும் தொடை இடுக்கை நாள் முழுக்க ஈரமாக வைத்திருக்கும். நோய் உள்ளவர் துண்டும் உள்ளாடையும் தனியாக, வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே திருப்பி வெயிலில் காயப்போட வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லையென்றால் நோய் இருவருக்கும் இடையே பந்துபோலப் போய்வரும். யாரும் சொல்லத் தயங்குகிற ஒன்று, அரைஞாண் கயிறு. வியர்வையில் ஊறிய கறுப்புக் கயிறு பூஞ்சைக்கு நல்ல வீடு. கழற்ற மனமில்லாதவர்கள் நோய் தீரும்வரையாவது கழற்றி வைக்கலாம், பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மார்ச்சில் மத்திய அரசு தடை செய்த 344 கூட்டு மருந்துகளிலும், வழக்குகளுக்குப் பின் 2018 செப்டம்பரில் தடை செய்த 328இலும் ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தையும் ஆன்டிபயாட்டிக்கையும் கலந்த சில களிம்புகள் இருந்தன. அதே 2018இல் 14 ஸ்டீராய்டுக் களிம்புகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. ஆனால் தடை என்பது குறிப்பிட்ட கலவைக்குத்தான். பட்டியலில் இல்லாத கலவை அடுக்கில் இருந்துகொண்டே இருக்கிறது. சீட்டு கேட்கும் கடையைவிட்டுக் கேட்காத கடைக்கு வாடிக்கையாளர் போய்விடுவார் என்பது கடைக்காரரின் கவலை. அதுவும் பொய்யில்லை.

ட்யூபின் மேல் ஆங்கிலத்தில் இருக்கும் எச்சரிக்கை யாருக்கும் எட்டுவதில்லை. "ஸ்டீராய்டு உள்ளது. படர்தாமரைக்கும் முகத்துக்கும் தடவாதீர்கள்" என்று தமிழில் ஒரே ஒரு வரியை முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கேட்க வேண்டும். அதுவரை உங்கள் இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியிலும் அழகுக் குறிப்புகளிலும் "ஏதாவது ஒரு களிம்பு" என்று வந்தால், அச்சுக்குப் போகுமுன் அந்தக் களிம்பின் மூலப்பெயர், சதவீதம், எத்தனை நாள் என்ற மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுமாறு வேண்டுகிறோம். நிறம் வெளுக்கும் க்ரீம் விளம்பரங்களுக்கும் இதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
தோல் மருத்துவமும் மருந்தாளுமையும் சார்ந்த வாசகர்கள் சிலர்,
மதுரை.